இங்கிலாந்தின் பழைய மரவிடுதிகள்

தில்லியில் வாழும் தமிழர்க்குச் சராய் என்னும் சொல் புதிதன்று. காலூ சராய், பேர் சராய், கட்வாரியா சராய், சராய் ரோஹில்லா என்று நாள்தோறும் காதில் விழும் பெயர்கள் எத்தனையோ. மதில் எழுப்பி, நடுவே முற்றம் விட்டு, சுற்றிலும் அறைகள் அமைத்து, வழிப்போக்கரும் அவர்தம் குதிரைகளும் ஒட்டகங்களும் இரவில் அஞ்சாது தங்குமாறு கட்டிய விடுதிக்கே சராய் என்று பெயர். இன்று அவற்றுட் பலவற்றில் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஹுமாயூன் கல்லறைக்கு அருகே அரபு சராயின் உயர்ந்த வாயில் நிற்கிறது. மற்றப் பல இடங்களில் வாயிலும் இல்லை, மதிலும் இல்லை.

பயணியர் விடுதிக்கு இக்கதி நேர்வது வியப்பன்று. கோயிலை இடிக்க மக்கள் அஞ்சுவர். கோட்டையை இடிக்கப் பொருள் வேண்டும். அரசன் கல்லறைக்கு ஓர் இரக்கமாவது உண்டு. விடுதியோ பயன் உள்ளவரை நிற்கும். பாதை மாறினாலும், வண்டி மாறினாலும் அதன் பயன் தீர்ந்துவிடும். பிறகு அஃது ஒரு மனையாகிவிடும். மனைக்கு விலை உண்டு. ஆகவே ஒரு விடுதி ஐந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது என்று கேள்விப்பட்டால், எவ்வாறு நின்றது என்று கேட்கத் தோன்றுகிறது. அதுவும் கல்லால் அன்றி மரத்தால் கட்டியது என்றால் அக்கேள்வி இன்னும் வலுக்கிறது. அத்தகைய விடுதிகள் இரண்டினை, இங்கிலாந்திலிருந்து, நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது. மற்றொன்றில் ஒரு பக்கமே மிஞ்சியது.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுவது நல்லது. ஆங்கிலேயர் 'இன்' என்று வழங்குவதைச் சத்திரம் என்று நாம் மொழிபெயர்க்கத் துணியவில்லை. நம் சத்திரம் அறத்தின்பாற்பட்டது. உண்டவரிடம் அது காசு கேட்பதில்லை. இன் என்பது வணிகம். படுக்கைக்கும், உணவுக்கும், மதுவுக்கும், குதிரையின் புல்லுக்கும் தனித்தனியே கூலி உண்டு. எனவே விடுதி என்ற பொதுச்சொல்லையே இங்குக் கையாளுகிறோம்.

முதல் விடுதி இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள கிளாஸ்டர் நகரில் இருக்கிறது. உரோமானியர் வகுத்த நகரம் அது. அவர்கள் அமைத்த நாற்றிசைத் தெருக்களின் போக்கை இன்றைய தெருக்களிலும் காணலாம். அவற்றுள் வடக்கு வாயிலை நோக்கிச் செல்லும் நார்த்கேட் தெருவில் ஒரு குறுகிய வளைவு வழி உள்ளது. அதனுள் நுழைந்தவுடன் தெருவின் இரைச்சல் பின்னடைந்து, நாற்புறமும் மரம் சூழ்ந்த ஒரு முற்றம் எதிர்ப்படுகிறது. முற்றத்தைச் சுற்றி மாடியில் திறந்த தாழ்வாரங்கள் ஓடுகின்றன. அத்தாழ்வாரங்களில் வரிசையாக அறைக் கதவுகள். இதற்குப் பெயர் 'புது விடுதி'. புதிது என்ற பெயர் 15-ஆம் நூற்றாண்டில் இடப்பட்டது, இன்றும் மாறவில்லை.

இதனைக் கட்டியவர் வணிகர் அல்லர். கிளாஸ்டரின் புனித பீட்டர் மடத்துத் துறவி ஜான் ட்வைனிங் என்பவர் 1450-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மடத்தின் பொருட்டு இதனை எழுப்பினார். இரண்டாம் எட்வர்டு மன்னன் 1327-இல் அரியணை இழந்து, அண்மையிலுள்ள பார்க்லி கோட்டையில் உயிரிழந்தான்; கிளாஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டான். அவன் கல்லறையைத் தரிசிக்கத் திரண்ட யாத்திரிகர்க்காகவே விடுதி கட்டப்பட்டது என்று பலரும் எழுதுவர். நமக்கு அது முழுதும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மன்னன் இறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் எழுந்த கட்டடம் இது. நகரின் தலைமைத் தெருவில் மனை வைத்திருந்த ஒரு மடம், சந்தைக்கும் வழக்குக்கும் வருவோரிடம் வாடகை பெற எண்ணியிருப்பதே இயல்பு. தெருவை நோக்கிய கீழ்த்தளம் கடைகளுக்காக அமைந்திருப்பதும் இதனையே காட்டுகிறது.

இன்னொரு கதையும் அங்கு வழங்குகிறது. 1553-இல் ஒன்பது நாள் அரசியாக இருந்து தலை இழந்த ஜேன் கிரே, தாம் அரசியான செய்தியை இவ்விடுதியில் இருந்தபோதுதான் கேட்டார் என்பர். அவருக்கு அச்செய்தி சொல்லப்பட்டது லண்டனுக்கு அருகிலுள்ள சையன் மாளிகையில். மறுநாள் அங்கிருந்தே அவரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றனர். பழைய கட்டடத்திற்கு ஓர் அரசியின் பெயர் ஒட்டிக்கொள்வது எந்நாட்டிலும் காண்பதே. புது விடுதிக்கு அத்தகைய ஆபரணம் தேவையில்லை. முற்றமும் மாடித் தாழ்வாரமும் கொண்ட இடைக்கால விடுதிகளுள் பிரிட்டனில் இவ்வளவு முழுமையாக எஞ்சியது வேறொன்றில்லை என்பது அறிஞர் கருத்து. அதுவே போதும்.

இதன் கட்டுமானத்தைச் சற்று நின்று பார்ப்போம். சுவர் கூரையைத் தாங்குவதே நாம் அறிந்த முறை. மரச்சட்டக் கட்டடத்தில் சுவர் எதனையும் தாங்குவதில்லை. தூணும், உத்தரமும், சாய்வுச் சட்டமும் ஒன்றோடொன்று பூட்டிய ஓர் எலும்புக்கூடே பாரம் அனைத்தையும் சுமக்கிறது. அந்த எலும்புக்கூட்டின் இடைவெளிகளைப் பின்னர் வரிச்சு கட்டி அடைப்பார்கள். வரிச்சின்மேல் களிமண்ணையும் வைக்கோலையும் சாணத்தையும் குழைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு தடவுவார்கள். சொந்த ஊரில் மண்சுவர் வைத்ததைப் பார்த்த தலைமுறையினர்க்கு இதில் புதுமை இராது. காஷ்மீரில் பணியாற்றும் நேயர்கள், மரச்சட்டங்களைக் கட்டங்கட்டமாகப் பூட்டி இடையிடையே கல்லும் மண்ணும் செருகிய 'தஜ்ஜி திவாரி' வீடுகளைக் கண்டிருப்பார்கள். ஒட்டுத் துணி தைத்தாற்போன்ற தோற்றத்தால் அப்பெயர் வந்தது. அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இங்கிலாந்துத் தச்சன் கையாண்ட மரம் ஓக். வெட்டிய ஈரம் உலருமுன்பே அதனை இழைத்துவிடுவான். முற்ற உலர்ந்த ஓக் உளிக்கு இடங்கொடாது. ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றில் துளையிட்டுப் பொருத்தி, இரண்டையும் ஊடுருவ ஒரு மர ஆணி அறைவான். இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் இடும் ஆணித்துளையை நேர்க்கோட்டில் இடாமல் ஓர் இழை தள்ளி இடுவான். ஆணியை அறையும்போது அஃது அவ்விலகலைச் சரி செய்ய முயன்று மூட்டினை இழுத்து இறுக்கும். பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல ஈர ஓக் உலர்ந்து சுருங்கும். சில சட்டங்கள் முறுகும், சில வளையும். பழைய ஆங்கில வீடுகள் தள்ளாடுவனபோல் காட்சியளிப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சுருக்கமே காரணம். தச்சனின் கைக்குறை அன்று. தள்ளாடிக்கொண்டே அவை நூற்றாண்டுகள் நிற்கின்றன. ஒரு மூட்டு சற்று இளகினால் அடுத்த மூட்டு பாரத்தை வாங்கிக்கொள்கிறது.

தச்சர் இச்சட்டங்களைக் கட்டடம் எழும் இடத்தில் செதுக்கவில்லை. தம் பட்டறைத் தரையில் ஒரு பக்கச் சட்டம் முழுவதையும் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பர். ஒவ்வொரு மூட்டிலும் உளியால் உரோம எண்களைக் கீறுவர். பின் அனைத்தையும் கழற்றி வண்டியிலேற்றிக் கொண்டுபோய், எண்ணைப் பார்த்து எழுப்புவர். பல பழைய கட்டடங்களில் அக்கீறல்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். பெயர் எழுதி வைக்காத தச்சர் விட்டுச்சென்ற கையெழுத்து அதுவே என்று நாம் கருதுகிறோம்.

மேல்தளம் கீழ்த்தளத்தைவிடத் தெருவை நோக்கிச் சற்று முன்னே நீட்டிக்கொண்டிருப்பது இவ்வகைக் கட்டடத்தின் மற்றோர் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் நீட்டுவது எளிது. இரு தெருக்கள் கூடும் மூலையில் இரு பக்கமும் நீட்ட வேண்டுமாயின், மூலையை நோக்கிக் குறுக்கே ஒரு பெரிய உத்தரம் ஓட வேண்டும். அதனைத் தாங்க ஒரு பருத்த மூலைத்தூண் வேண்டும். புது விடுதியின் ஓரமாகச் செல்லும் சந்தின் முனையில் அத்தகைய தூண் ஒன்று செதுக்கு வேலைப்பாட்டுடன் நிற்கிறது. பாரம் மிகுதியாக விழும் இடத்தில்தான் சிற்பமும் மிகுதியாக அமைந்தது. இது கட்டடக் கலையில் நாம் அடிக்கடி காணும் ஒழுங்கு.

திறந்த மாடித் தாழ்வாரம் அழகுக்காக அமைந்ததன்று. ஓர் அறை வழியாக அடுத்த அறைக்குச் செல்வதே அக்கால வீட்டு முறை. விடுதியில் அது நடவாது. தங்க வந்தவர் முன்பின் அறியாதவர் அன்றோ? ஆகவே ஒவ்வோர் அறைக்கும் வெளியிலிருந்தே வாயில் வேண்டியிருந்தது. முற்றத்தில் வண்டி வந்து நின்றால் மேலிருந்தே காணலாம். பணியாளனைக் கூவி அழைக்கலாம். கூத்தாடுவோரும் இவ்வமைப்பைக் கண்டுகொண்டனர். முற்றத்தில் மேடை இட்டால், தாழ்வாரமே உயர்ந்த இருக்கை ஆகிவிடும். 1576-இல் லண்டனில் நாடகத்திற்கென்றே ஒரு நிலையான அரங்கு எழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் புல், பெல், கிராஸ் கீஸ், பெல் சாவேஜ் ஆகிய லண்டன் விடுதிகளின் முற்றங்களில் நாடகங்கள் நடந்தன.

இனி இரண்டாம் விடுதிக்கு லண்டன் செல்வோம். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், லண்டன் பாலத்தின் அடியில் சதர்க் என்னும் பேட்டை உள்ளது. 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை நகருக்குள் ஆற்றைக் கடக்க அவ்வொரு பாலமே இருந்தது. இரவில் பாலத்தின் வாயிலை அடைத்துவிடுவர். பொழுது சாய்ந்தபின் தெற்கிலிருந்து வந்தவர் கரையிலேயே தங்கியாக வேண்டும். இதனால் சதர்க் பெருந்தெருவில் விடுதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்தன. கவிஞர் சாசரின் கான்டர்பரி யாத்திரிகர் கூடும் டபார்டு விடுதி அங்கேதான் இருந்தது. 1598-இல் லண்டன் நகரை விவரித்து எழுதிய ஜான் ஸ்டோ, அத்தெருவின் விடுதிகள் எட்டின் பெயரை வரிசையாகத் தருகிறார். டபார்டும் அதில் உண்டு. அதற்கு அடுத்து நின்ற ஜார்ஜ் விடுதியும் உண்டு.

1676-இல் சதர்க்கில் பெருந்தீ மூண்டது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. இவ்விரு விடுதிகளும் எரிந்தன. மறு ஆண்டே, பழைய வடிவிலேயே, முற்றமும் மரத் தாழ்வாரங்களுமாக ஜார்ஜ் விடுதி மீண்டும் எழுந்தது. பத்தாண்டுகளுக்கு முன்புதான் ஆற்றின் மறுகரையில் லண்டன் நகரமே எரிந்து, இனிச் செங்கல்லும் கருங்கல்லும் அன்றி வேறெதனாலும் கட்டலாகாது என்று சட்டம் பிறந்திருந்தது. அவ்வளவு அறிந்தும் தாழ்வாரங்களை மரத்தால் அமைத்தது அவர்களுடைய பிடிவாதமோ, பழக்கமோ! அதன் பயனாக நமக்குக் காண ஒன்று கிடைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இவ்விடுதிகளுக்குப் பொற்காலம். நான்கு குதிரை பூட்டிய பயண வண்டிகள் குறித்த நேரத்தில் வந்தன, புறப்பட்டன. முற்றத்தின் முன்பகுதி பயணிகட்கு. பின்பகுதி இலாயத்திற்கும் சரக்கு வண்டிகட்கும். 1836-இல் லண்டன் பாலத்தருகே இரயில்வே நிலையம் திறந்தது. அதே ஆண்டில் டிக்கன்ஸ் தம் முதல் நாவலாகிய பிக்விக்கை மாத இதழாக வெளியிடத் தொடங்கினார். அதில் சாம் வெல்லர் என்னும் குறும்புக்காரப் பணியாளன், சதர்க்கின் ஒயிட் ஹார்ட் விடுதி முற்றத்தில் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு நம் முன் தோன்றுகிறான். அவன் தோன்றிய நாளிலேயே அவ்வுலகம் முடியத் தொடங்கிவிட்டது. இரயில் ஓடிய பின் பயண வண்டிக்கு வேலை இல்லை. வண்டி இல்லையேல் விடுதிக்கு வருவாய் இல்லை.

அடுத்து நடந்ததை எண்ணினால் மனம் கசக்கிறது. டபார்டு 1870-களில் இடிந்தது. சாம் வெல்லரின் ஒயிட் ஹார்ட் 1889-இல் இடிந்தது. ஜார்ஜ் விடுதியை அதற்கு முன்பே கிரேட் நார்தர்ன் இரயில்வே கம்பெனி வாங்கியிருந்தது. சரக்குக் கிடங்கு கட்ட இடம் வேண்டி, அதே 1889-இல், மூன்று பக்கமும் முற்றத்தைச் சூழ்ந்து நின்ற கட்டடத்தின் நடுப்பகுதியையும் வடபகுதியையும் அக்கம்பெனி இடித்தது. தென்புறம் மட்டும் தப்பியது. அதை எவரும் இரங்கி விட்டுவைத்ததாக நாம் நினைக்க வேண்டியதில்லை. கிடங்குக்கு அவ்விடம் தேவைப்படவில்லை, அவ்வளவே.

இடிப்பதைத் தடுக்க அந்நாட்டில் அப்போது சட்டம் இல்லையா? இருந்தது, ஆனால் விடுதிக்கு அது பொருந்தவில்லை. 1882-இல் ஜான் லபக்கின் முயற்சியால் நிறைவேறிய தொல்சின்னச் சட்டம், ஸ்டோன்ஹெஞ்சு போன்ற வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களையும் மேடுகளையும் மட்டுமே கருதியது. ஆங்கிலேயர்க்குத் தனிச்சொத்து என்பது ஏறத்தாழ ஒரு சமயம். தன் மனையைத் தான் இடிக்க அரசை ஏன் கேட்க வேண்டும் என்பதே பாராளுமன்றத்தில் பலமுறை எழுந்த வினா.

சட்டம் செய்யாததைச் சிலர் வேறு வழியில் செய்ய முயன்றனர். லண்டன் புனித பால் பேராலயத்தின் அருகே ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்றொரு விடுதி. ஜார்ஜைப் போலவே முற்றமும் மாடித் தாழ்வாரமும் உடையது. 1875-இல் அது இடிபடப் போவதாகத் தெரிந்தது. காப்பாற்ற வழியில்லை என்று கண்ட அன்பர் சிலர், அதன் உருவையாவது காப்போம் என்று நிழற்படம் எடுத்தனர். பழைய லண்டனின் எச்சங்களைப் படம்பிடிக்கும் சங்கம் இவ்வாறு பிறந்தது. 1886 வரை அச்சங்கம் நூற்று இருபது படங்களை வெளியிட்டது. அதன் படக்கருவி சதர்க் விடுதி முற்றங்களுக்கும் சென்றது. இச்சங்கத்தார் போற்றத் தக்கவரே. ஆயினும் நோயாளியைப் பிழைக்கவைக்க இயலாமல் படம் எழுதி வைத்துக்கொண்ட வைத்தியர் நினைவே நமக்கு வருகிறது.

1877-இல் கவிஞரும் கைவினைஞருமாகிய வில்லியம் மோரிஸ், பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் அஞ்சியது இடிப்பவரை மட்டுமன்று, புதுப்பிப்பவரையும் கூட. அக்காலத்துச் சிற்பியர் பலர், பழைய மாதாகோயில்களை அவை முதலில் இருந்த நிலைக்கு மீட்கிறோம் என்று கூறி, பிற்காலத்துச் சேர்க்கைகளையெல்லாம் சுரண்டி எறிந்து, தம் கற்பனையை அங்கு வைத்தனர். மோரிஸ் சொன்னது எளிது: பழுது பார், புதுப்பிக்காதே; நாள்தோறும் பேணினால் பெருஞ்செலவு வாராது. நம் நாட்டில் திருப்பணி என்ற பெயரால் பழஞ்சுவர்களில் மணல் பீய்ச்சிச் சிற்பங்களின் முகத்தைத் தேய்த்ததைக் கண்டவர்க்கு மோரிஸின் கோபம் விளங்கும்.

மரச்சட்டக் கட்டடத்திற்கு இக்கொள்கை மிகவும் பொருந்தும். உளுத்தது ஒரு தூணின் அடியாயின், அவ்வடியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய ஓக் துண்டினை ஏணிப்படி போன்ற வெட்டினால் பழைய தண்டோடு பொருத்தலாம். எங்கே புதிது சேர்ந்தது என்று கூர்ந்து பார்ப்பவர்க்குத் தெரிய வேண்டும், அதனை மறைக்கலாகாது. கவெண்ட்ரி நகரில் 1509-இல் நிறுவப்பட்ட ஃபோர்டு அறச்சாலை 1940-இல் குண்டு விழுந்து சிதறியது. சிதறிய மரங்களைத் திரட்டி, 1950-களின் தொடக்கத்தில் அவற்றைக் கொண்டே மீண்டும் எழுப்பினர். செங்கற் கட்டடம் ஒன்று அவ்வாறு சிதறியிருந்தால் அள்ளிக் கொட்டுவது அன்றி வேறு வழி இருந்திராது. பிரித்துக் கோக்கக் கூடியது என்பதே மரச்சட்டத்தின் பெருமை.

அதனைக் கொல்வது நெருப்பைவிடப் பெரும்பாலும் தவறான அன்பே. இருபதாம் நூற்றாண்டில் பல வீடுகளில் மண்பூச்சும் சுண்ணாம்பும் பழையன என்று எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினர். சுண்ணாம்பு மூச்சுவிடும், உட்சென்ற ஈரம் வெளிவந்துவிடும். சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். வெளித்தோற்றம் உறுதியாக இருக்க, உள்ளே ஓக் பஞ்சாகும். மரத்திற்குக் கறுப்புச் சாயமும் இடைச்சுவருக்கு வெள்ளையும் பூசும் வழக்கமும் பெரும்பாலும் விக்டோரியா காலத்தது. அதற்கு முன் ஓக் வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறமாகவோ, சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு பூசப்பட்டோ இருந்தது. கறுப்பு வெள்ளை வரிகளைக் கண்டு இதுவே பழமை என்று மயங்குவோர் இன்றும் பலர்.

காப்பதற்கு ஓர் உடைமையாளர் வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து 1895-இல் தேசிய அறக்கட்டளை பிறந்தது. மறு ஆண்டு அது முதன்முதலாக வாங்கிய கட்டடம் ஆல்ஃபிரிஸ்டன் என்னும் சிற்றூரின் பாதிரியார் இல்லம். பதினான்காம் நூற்றாண்டின் மரச்சட்ட வீடு அது. விலை பத்துப் பவுன்! பழுது பார்க்க ஆன செலவு அதனினும் எத்தனையோ மடங்கு.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. அதனை நகர்த்தியவருள் ஒருவர் நமக்கு வேறு வகையில் அறிமுகமானவர்: கர்ஸன் பிரபு. வங்காளத்தைப் பிளந்தவர் என்று நாம் அவரை மறவோம். ஆயினும் இந்தியத் தொல்லியல் துறைக்குப் புத்துயிர் அளித்து, 1904-இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியவரும் அவரே. நாடு திரும்பிய பின் 1911-இல் டாட்டர்ஷால் என்னும் பழங்கோட்டை விலைபோவதைக் கண்டார். அதன் கல் அடுப்புமாடங்களைப் பெயர்த்தெடுத்து அயல்நாட்டிற்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. கர்ஸன் கோட்டையைத் தம் பொருளால் வாங்கி, பெயர்த்த மாடங்களையும் மீட்டார். அக்கிளர்ச்சியின் பின் 1913-இல் இங்கிலாந்தில் வலுவான சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் அந்நியர் ஆட்சி எளிதில் விதித்த கட்டுப்பாட்டை, ஆங்கிலேயர் தம் வீட்டில் ஏற்க இன்னும் ஒன்பது ஆண்டு பிடித்தது. அப்போதும் குடியிருக்கும் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. விடுதியோ, ஆள் தங்கினால்தான் விடுதி.

அந்த விலக்கை நீக்க ஒரு போர் வேண்டியிருந்தது. 1940-இல் விமானங்கள் குண்டு பொழிந்தபோது, பழுதுற்ற கட்டடங்களுள் எவற்றை இடிக்கலாம், எவற்றைத் தாங்கி நிறுத்த வேண்டும் என்று உடனுக்குடன் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கட்டடக் கலைஞர்கள் தெருத்தெருவாகச் சென்று பட்டியல் எழுதினர். அப்பட்டியலே 1944-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் 1947-ஆம் ஆண்டு நகர, நாட்டுத் திட்டச் சட்டத்திற்கும் வித்து. கிளாஸ்டரின் புது விடுதி 1952-இல் பட்டியலில் ஏறி, இன்று முதல் தரத்தில் நிற்கிறது. ஜார்ஜ் விடுதியும் அத்தரத்தினதே. பட்டியலில் ஏறியவற்றுள் நூற்றுக்கு இரண்டு மூன்று மட்டுமே முதல் தரம் பெறும்.

இப்பட்டியல் முறை நம் நாட்டு முறையினின்றும் வேறுபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் நடுவண் தொல்லியல் துறை காக்கும் சின்னங்கள் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். மாநிலங்கள் காப்பவை தனி. இங்கிலாந்துப் பட்டியலிலோ ஏறத்தாழ நான்கு இலட்சம் பதிவுகள் உள்ளன. அங்கு அரசு கட்டடத்தை எடுத்துக்கொள்வதில்லை, வேலி இடுவதில்லை, சீட்டு விற்பதில்லை. உடையவர் அங்கேயே வாழலாம், வணிகம் செய்யலாம், விற்கலாம். ஆனால் அதன் தன்மை கெடுமாறு ஒரு சட்டத்தை அறுக்கவும், ஒரு கதவை மாற்றவும் முன் இசைவு வேண்டும். இசைவின்றிச் செய்தால் குற்றம். அகமதாபாத்தின் மரவேலைப்பாடு மிக்க போல் வீடுகளை நாள்தோறும் கடந்து செல்லும் நேயர்கட்கு இவ்வேற்றுமையின் பொருள் விளங்கும். ஆயிரக்கணக்கான வீடுகளைச் சின்னமாக்கிப் பூட்டிவைக்க எவராலும் இயலாது. குடியிருப்போர் கையிலேயே அவை இருக்க வேண்டும். அக்கையை நெறிப்படுத்தச் சட்டம் வேண்டும்.

இச்சட்டம் எப்போதும் வென்றது என்று சொல்வதற்கில்லை. லண்டனின் மெய்டா வேல் பகுதியில் கார்ல்டன் டாவர்ன் என்ற மதுவிடுதி, பட்டியலில் சேர்ப்பது பற்றி ஆராயப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 2015 ஏப்ரலில் இசைவின்றி இடிக்கப்பட்டது. இடித்த பகுதியை முன்போலவே செங்கல் செங்கல்லாகக் கட்டித்தர வேண்டும் என்று உள்ளாட்சி ஆணையிட்டது. முறையீடும் பலிக்கவில்லை. 2021-இல் அது மீண்டும் திறந்தது. 1920-களின் செங்கற் கட்டடமாதலால் இது கைகூடியது. நானூறாண்டு உலர்ந்து முறுகிய ஓக் சட்டத்தை இடித்தவரிடம் எந்த ஆணையைக் காட்டி மீளப் பெறுவது?

இனி நம் இரு விடுதிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். கிளாஸ்டர் விடுதி மடத்தின் சொத்து. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1540-இல் அம்மடமும் கலைந்தது. அதன் கோயில் பேராலயமாயிற்று. விடுதியும் பேராலய நிர்வாகத்தின் கைக்குச் சென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கேயே இருந்தது. குத்தகைக்கு விட்டு வாடகை பெற்றுக்கொண்டிருந்த அந்நிர்வாகத்திற்கு அதனை இடித்துப் பெறத்தக்க ஆதாயம் ஒன்றும் இருக்கவில்லை. சதர்க்கோ லண்டனின் வாசல். அங்கு ஒவ்வோர் அடி நிலத்திற்கும் போட்டி. ஜார்ஜ் விடுதி, நிலத்தை மட்டும் வேண்டிய ஒரு கம்பெனியின் கையில் விழுந்தது. இரண்டிற்கும் மரம் ஒன்றே, தச்சும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றை முழுமையாக விட்டதும் ஒன்றைக் கால் கையின்றி விட்டதும் உடையவரின் தேவையே. சட்டம் வந்து சேர்ந்தபோது, எது எஞ்சியதோ அதனைக் காப்பது மட்டுமே அதற்கு இயன்றது.

ஜார்ஜின் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. பாதியை இடித்த கம்பெனி 1923-இல் வேறு இரயில்வேக்களோடு இணைந்து, லண்டன் வடகிழக்கு இரயில்வே ஆயிற்று. அப்புதிய கம்பெனி 1937-இல் எஞ்சிய தென்புறத்தைத் தேசிய அறக்கட்டளைக்கு அளித்தது. அறக்கட்டளை அதனைக் காட்சிசாலை ஆக்கவில்லை. விடுதி நடத்துவோர்க்குக் குத்தகைக்கு விட்டது. எனவே இன்றும் அங்கு மது வார்க்கிறார்கள், உணவு சமைக்கிறார்கள். லண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு எஞ்சியுள்ள பயண வண்டிக் காலத்து விடுதி அது ஒன்றே.

லண்டன் செல்லும் நேயர்கள் பாலத்தைக் கடந்து, பெருந்தெருவின் இடப்புறமுள்ள வாயில் வழியாக அம்முற்றத்தில் நுழையலாம். வலப்பக்கம் இரண்டு அடுக்கு மரத் தாழ்வாரங்கள், நடுவில் சற்றுத் தொய்ந்து, நீண்டு செல்கின்றன. எதிரிலும் இடப்பக்கத்திலும் அவற்றின் இணைகள் இருந்த இடத்தில் பிற்காலத்துச் சுவர்களே நிற்கின்றன. அங்கே என்ன இருந்தது என்பதைக் காண வேண்டுமானால், அந்தப் படச் சங்கத்தின் படங்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.